ஆலோசகரின் இடம்: ஜேம்ஸ் பி. லியோங்கின் திரைவாழ்வும் வடசென்னைப் படங்களும்

மௌனப்படக் காலத்து ஹாலிவுட்டில் ‘ஆலோசகர்’ என்பது விந்தையானதொரு பணி. காட்டப்படும் சமூகத்தை உள்ளிருந்து அறிந்தவர் அவர்; எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையோ அவரிடம் இல்லை. 1889இல் ஷாங்காயில் பிறந்து 1913இல் அமெரிக்கா சென்ற ஜேம்ஸ் பி. லியோங்கின் திரைவாழ்வு இம்முரணுக்குத் தக்க சான்று.

டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ (1919) இலண்டன் துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸைக் களமாகக் கொண்டது. லியோங், மூன் குவான் ஆகிய சீனர்கள் அதன் உருவாக்கத்தில் ஆலோசகர்களாகப் பங்காற்றினர். எனினும் சீனக் கதைத்தலைவனாக நடித்தவர் ரிச்சர்ட் பார்தெல்மஸ் என்னும் வெள்ளையர். இடுக்கிய கண்களும் கூனிய தோள்களுமாக ஓர் உடல்மொழியை அவர் வரைந்து காட்டினார். மேடை மரபு வழங்கிய வார்ப்பு அது. உடை, வழிபாடு, தெருவமைப்பு ஆகியவற்றோடு ஆலோசகரின் எல்லை முடிந்துவிடுகிறது.

இவ்வெல்லையைக் கடக்கவே லியோங் சொந்தமாக நிறுவனம் தொடங்கி, சீனத் தொன்மக் கதையொன்றை ‘லோட்டஸ் பிளாசம்’ (1921) என்று படமாக்கினார். ஆயினும் அப்படத்திலேயே சீனப் பாத்திரங்கள் சிலவற்றை டல்லி மார்ஷல், நோவா பீரி ஆகிய வெள்ளை நடிகர்கள் ஏற்றனர். இதை லியோங்கின் சமரசம் என்று மட்டும் கொள்வது நியாயமாகாது. தெரிந்த முகங்களைக் கோரிய சந்தையை அவரால் தவிர்க்க இயலவில்லை. இன்று அப்படத்தின் ஒரு சுருள் மட்டுமே எஞ்சியுள்ளது. பின்னர் அவர் சிறு வேடங்களுக்கே திரும்பினார்.

துறைமுகத்தை அச்சத்தின் களமாகக் காணும் பார்வை லைம்ஹவுஸுக்கு மட்டும் உரியதன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதி தமிழ்த் திரையில் நெடுங்காலம் அடியாட்களின் இருப்பிடமாகவே அறிமுகமானது. சாத்தாங்காட்டு இரும்பு அங்காடியில் சுமை தூக்குபவரின் உழைப்பைவிட, அவர் பேசும் வழக்கே படைப்பாளிகளுக்குப் பயன்பட்டது. அதுவும் பெரும்பாலும் நகைப்புக்காக. ‘வடசென்னை’ (2018) இவ்வார்ப்பிலிருந்து பெரிதும் விலகி, கடலோர நிலவுரிமையைக் கதையின் மையத்துக்குக் கொணர்ந்தது. இருப்பினும் நாயகன் அன்புவாகத் தோன்றியவர் தனுஷ். ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) கபிலனாகத் தோன்றியவர் கேரளத்தில் பிறந்த ஆர்யா. இனவிலக்குச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த சீனரின் நிலையும் இதுவும் ஒன்றல்ல. எனினும் வட்டாரத்தாரிடம் வழக்கைப் பெற்றுக்கொண்டு, முகத்தை வெளியிலிருந்து கொணரும் முறை இரண்டிலும் காணப்படுகிறது.

‘சார்பட்டா’வில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சென்னையின் அடித்தட்டு வாழ்வை நாவலாக்கிய தமிழ்ப்பிரபா அதில் இணை எழுத்தாளராகப் பெயர் பெற்றார். நடிகர் தேர்வைக் காட்டிலும் இதுவே ஆய்வுக்குரியது என்பது என் கருத்து. அறிந்தவர் ஆலோசகராக நில்லாமல் ஆசிரியராகிறார். மூன் குவான் அந்நிலையை அடைய ஹாங்காங் சென்று, 1930களில் தம் மொழியிலேயே படம் இயக்க வேண்டியிருந்தது. சாத்தாங்காட்டு இளைஞருக்கோ தம் மொழியின் திரைத்துறை சில கல் தொலைவில், கோடம்பாக்கத்திலேயே இருக்கிறது.