எழுவாய் எங்கே?

காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது இங்கிலீஷ் வியாசத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். காவிரியைக் கடந்ததும் சாரங்கபாணி கோபுரம் தெரிந்தது என்பது விஷயம். தமிழில் நினைத்ததை அப்படியே இங்கிலீஷில் இறக்கிவிட்டேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரியின் கீழே சிவப்பு மசியில் ஒரு கேள்வி இருந்தது. 'கோபுரம் ஆற்றைக் கடந்ததா?' வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினார். கணித மேதை ராமானுஜனே இதே கும்பகோணத்தில்தான் இங்கிலீஷில் தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தார் என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் எனக்குக் கணக்கும் வராது.

வாத்தியார் கேட்டது நியாயமான கேள்விதான். இங்கிலீஷில் முற்றுவினை வந்தால் எழுவாய் வந்தே தீரவேண்டும். மழை பெய்தால்கூட, பெய்வதற்கு 'அது' என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சார்பு வாக்கியத்தைச் சுருக்கி வினையை எச்சமாக்கினால் மட்டும் எழுவாயை விட்டுவிடலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. விட்ட எழுவாயும் தலைமை வாக்கியத்தின் எழுவாயும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கோபுரம் ஆற்றில் இறங்கிவிடும்.

இது வெள்ளைக்காரன் சட்டம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு தொல்காப்பியத்தில் வினையியலைப் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தங்கள் வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடியவேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. 'செய', 'செயின்' போன்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மழை பெய்ய ஆறு பெருகலாம். 'காலிடறி விழுந்தான்' என்கிறோமே, இடறியது கால், விழுந்தது ஆள். இதற்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். உறுப்பின் வினையை உடையவன் வினையாகவே கொள்ளலாம் என்கிறார். சிவப்பு மசிக்காரருக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. என்னுடைய 'கடந்ததும்' அந்த மூன்றில் சேராதாகையால் தமிழில் அது பிழையே இல்லை. கடந்தவன் நான், தெரிந்தது எனக்கு. இரண்டையும் சொல்லவேண்டியதே இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்தச் சிவப்பு மசிக்கு ஒரு பெருமையும் உண்டு. 1869-ல் வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார்தான் காந்திஜியின் சுயசரிதை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவர். 1940-ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மகாதேவ தேசாய் நன்றி சொல்கிறார், ஆனால் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் வெளியே வரக்கூடாது என்பதுதான் திருத்தியவர் போட்ட நிபந்தனை. பிறருடைய எழுவாய்களை எல்லாம் சரிபார்த்தவர், தாம் மட்டும் தோன்றா எழுவாயாக நின்றுகொண்டார்.

தமிழில் எழுவாயை விடுவது சோம்பல் இல்லை. 'வந்தேன்' என்றால் அதற்குள்ளேயே நான் இருக்கிறேன். 'வந்து' என்பதில் நான், நீ, அவன் யாரும் இல்லை. கேட்கிறவன் அதை முற்றுவினை வரும் வரையில் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே அப்படி ஒரு நம்பிக்கை. தஞ்சாவூர் வீடுகளில் இது இன்னும் ஒரு படி போகும். வெளியிலிருந்து வந்த புருஷனைப் பார்த்து மனைவி, 'வந்தாச்சா? சாப்பிட்டாச்சா?' என்பாள். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. உறவில் பெரியவர், வயதில் சிறியவர் என்று ஒருவர் வந்து நின்றாலும் இதுவே கைகொடுக்கும். மரியாதை, கோபம், கொஞ்சல் எல்லாவற்றுக்கும் அந்தக் காலி இடம் போதும்.

அந்தக் காலி இடத்தை இலக்கியமாக்கினவர் கு. ப. ராஜகோபாலன். அவருடைய 'விடியுமா?' என்ற கதையின் தலைப்பையே பாருங்கள். தந்தி வருகிறது. ஒரு பெண்ணும் அவளுடைய உடன்பிறந்தவனும் கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அவள் கணவன். விடியுமா என்றால் எது? இந்த ராத்திரியா, அவள் வாழ்க்கையா? கேட்பது யார், அவளா, கூட உட்கார்ந்திருப்பவனா? கு. ப. ரா. சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கணவன் பிழைப்பானா என்ற கவலைக்குள்ளேயே, அவனோடு அவள் வாழ்ந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்ற கேள்வியும் ஊறிக்கொண்டிருக்கிறது. இதை இங்கிலீஷில் போடுகிறவர் ஓர் 'அது'வை நிறுத்தினால் பொழுது மட்டும்தான் விடியும். 'அவளுக்கு' என்று போட்டாலோ ஆசிரியர் மூடி வைத்ததைத் திறந்துவிட்டதாகும். மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்தப் பாஷை அப்படி.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனாலும் இப்போது பத்திரிகைக் கதைகளில், 'அவன் வந்தபோது அவன் களைத்திருந்தான், அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்' என்று வரிக்கு வரி அவனை முளைக்கவிடுகிறார்கள். மூன்று அவனில் இரண்டைப் பிடுங்கினால் பயிர் நன்றாக வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்னொரு விஷயத்தை மறைத்தால் யோக்கியமாகாது. மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, நடவாகி, அறுப்பும் ஆச்சு என்று எங்கள் ஊர்த் திண்ணைகளில் சொல்வார்கள். கேட்க வெகு அழகாக இருக்கும். ஒரு போகம் முழுவதும் நாலே வினையில் முடிந்துவிடுகிறது. குனிந்து நட்டவள் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. 1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, யார் யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று எழுவாயைப் போட்டு எழுதவேண்டி வந்தது.

1968 டிசம்பர் 25-ம் தேதி ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எரிந்தவர்களும் அவர்களே, இறந்தவர்களும் அவர்களே. எச்சம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிகிறது, தொல்காப்பியர் ஒப்புக்கொள்வார். 'எரிந்து' என்பதை 'எரித்து' என்று ஓர் எழுத்து மாற்றினால் உடனே யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்த 'எரித்து'வுக்கு இன்னும் எழுவாய் இல்லை.

சமீபத்தில் என் பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்புக்கு ப்ரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நடவை முடித்து மிராசுதார் வீட்டுக்குத் திரும்பினார்' என்று ஒரு வரி வந்தது. நான் எழுதினதுதான். விதிப்படி முடித்தவரும் அவர், திரும்பியவரும் அவர். குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை என்பது அதே பக்கத்தில் மேலே இருக்கிறது. சிவப்பு மசி என் கையில் இருந்தது. 'பெண்கள் நட்டுக் கரையேறிய பிறகு மிராசுதார் வீட்டுக்குத் திரும்பினார்' என்று திருத்தி அனுப்பினேன். வரி நீண்டு பக்கம் தள்ளுகிறதே, பழையபடியே இருக்கட்டுமா என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள். தள்ளட்டும் என்றேன்.