படிக்க வராத எழுத்துகள்

சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் முன்னால் முதன்முதலாக நின்றபோது, அதைப் படிக்கப் பார்த்தேன். கண்ணுக்கு அதுதானே பழக்கம்? வரிவரியாக ஓடும் எழுத்து, ஜாதகம்போலக் கட்டங்கள், நடுநடுவே கணக்குக் குறிகள். ஒரு சொல் அகப்பட்டால் போதும், உள்ளே போய்விடலாம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மனசு ஒட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒட்ட வைத்தது திருவனந்தபுரம். மாற்றலாகிப் போன புதிதில் எனக்கு மலையாளத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. பஸ் போர்டு, கடை போர்டு, சுவரொட்டி எல்லாமே வளைவும் சுழியுமாகப் பார்க்க மட்டும் கிடைத்தன. மியூசியம் வளாகத்துக்கு வருகிறவர்கள் ரவி வர்மாவைத் தேடிச் சித்ரா கலைக்கூடத்துக்குப் போவார்கள். நான் பணிக்கர் கூடத்தில் போய் நிற்பேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சென்னையில் நான் செய்த அதே காரியம். மலையாளம்போலத் தோன்றினாலும் மலையாளிக்கும் அது படிக்க வராது. எதையுமே படிக்க முடியாத ஊரில் இருந்ததால் எனக்கு அன்று கோடு மட்டும் தெரிந்தது.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டுகிற கோடு இல்லை அது. கணக்கு எழுதுகிறவர் கைபோல அலங்காரமில்லாமல் போகிறது. நெருக்கி எழுதிய இடம் லேசாக இருட்டுகிறது. விட்டுவிட்டு எழுதிய இடத்தில் வெளிச்சம் வருகிறது. எழுத்தின் நெருக்கமே நிழலாகிவிடுகிறது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் 1963-இல் இந்தப் பாதை திறந்தது என்பார்கள். அப்போது பணிக்கர் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வர், வயது 52. பேர் வாங்கித் தந்த ‘தோட்டம்’ வரிசையைத் தாண்டி, அந்த வயதில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ‘தோட்டம்’தான் அவருடைய உச்சம் என்கிற நண்பர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தில்லியில் இருந்த வருஷங்களில் வேறு வழக்கு. ஜெய்ப்பூர் ஹவுஸ் நவீனக் கலைக்கூடத்துக்குப் போய்வரும் நண்பர்களுக்கு நவீன ஓவியம் என்றால் 1947-இல் பம்பாயில் சூசாவும் ரசாவும் ஹுசைனும் கூடித் தொடங்கியதுதான். சென்னையில் பணிக்கரின் முற்போக்கு ஓவியர் சங்கம் 1944-லேயே பிறந்துவிட்டது என்பேன். சூசாவின் கறுப்புக் கோடு எனக்கும் பிடிக்கும். அது அறைகிற கோடு. பணிக்கரின் கோடு நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறது. இன்னும் சிலர் தாந்திரிகம் என்று பெயர் வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொல்வார்கள். அதுவும் படிக்கிற வேலைதான்.

இப்போது எந்த ஊர்க் கூடத்துக்குப் போனாலும் படத்துக்குப் பக்கத்தில் நீளமான விளக்கம். வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்கிறார்கள், பிறகு போனில் படமெடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்கள். கண்ணாடிச் சட்டத்தில் எதிர்விளக்கு விழுந்து நம் முகமே தெரிகிற கொடுமையும் உண்டு. இத்தனை மெல்லிய கோட்டுக்கு அது கொலை. போன் திரையில் சுருங்கினால் நெருக்கம் எது, இடைவெளி எது என்பதே போய்விடும்.

கடைசி மாற்றல் பெங்களூரு. மாணிக்கவேலு மாளிகைக் கலைக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் கன்னட போர்டுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பேன். ஆறே மாதத்தில் எழுத்துக்கூட்ட வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் பல் டாக்டரும் ஜெராக்ஸ் கடையும்தான் இருக்கின்றன, கோடுகள் போய்விட்டன. பணிக்கரிடம் மட்டும், எத்தனை முறை போனாலும், நான் அந்த ஊருக்குப் புதிது.