தோட்டத்து வாசகரும் மு.வ.வும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் மூத்த வாசகர், தம் மனத்துக்கு உகந்த எழுத்தாளரைச் சொல்லுங்கால் டாக்டர் மு. வரதராசனாரை (1912–1974) விட்டுவிடுவது அரிது. அறிவுரை மிகுந்த எழுத்தென்று திறனாய்வாளர் சிலர் அவரை ஒதுக்குவர். அதில் உண்மையும் உண்டு. 'கள்ளோ காவியமோ'வின் மாந்தர் சில இடங்களில் மேடையேறியே பேசுகின்றனர்.

எனினும், ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டுப் பால்வெட்டுக்குச் சென்றவர்க்கு அச்சிறு வாக்கியங்கள் அகராதியின்றியே விளங்கின. அதனினும் பெரிது அவர் விளித்த முறை. 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என உறவின் பெயரிட்டே கடித நூல்களை எழுதினார் அவர். கங்காணியும் கிராணியும் ஏவல் மொழியிலேயே அழைத்த இளைஞனுக்கு, ஒரு பேராசிரியரின் நூல் 'தம்பிக்கு' என்னும் தலைப்போடு வந்தது சிறிய செய்தியா?

அகிலன் பெற்ற அன்பு வேறு வகையினது. மலேசியத் தோட்டத்தையே களமாக்கிய 'பால்மரக் காட்டினிலே' நாவலில் வாசகர் தம் பிரட்டுக்களத்தைக் கண்டனர். ஆயினும் அது வந்து பார்த்துச் சென்றவரின் இரக்கம். இம்மண்ணில் வாழ்ந்தே 'துயரப் பாதை'யை எழுதிய கா. பெருமாளின் பெயர் அதே வாசகரின் நாவில் ஏறத் தயங்குவது ஏன்? கடல் கடந்து வந்த நூலுக்கே அலமாரியில் முதலிடம் என்னும் பழக்கத்தைத் திறனாய்வாளரும் வளர்த்தே வந்துள்ளனர்.