சும்மா ஓடுகிறேன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில் நான் ஓடத் தொடங்கிய முதல் வாரம். எதிரே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியம்மா நின்றார். என் கால் ஷூவையும் வேர்த்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏத்தா, சுகரா?" என்று கேட்டார். "ஆமா பெரியம்மா" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இந்த வயசுலயேவா? வெறும் வயித்துல பாவக்காச் சாறு குடி தாயி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அன்று வாயில் வந்த அந்தப் பொய்யை அதன்பின் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் சொன்னேன் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

நீர்நிலைகளைச் சுற்றி ஓடும் தடங்களைப் பற்றி எழுதப்படும் குறிப்புகள் தனியொரு எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றை நான் விரும்பிப் படிப்பவள். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுதான்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், தார்ச்சாலையா மண்பாதையா, நிழல் உண்டா, முடிக்குமிடத்தில் டீ கிடைக்குமா. நம் பக்கத்து ஓட்டக்காரர்கள் அதிகம் சொல்வது கொடைக்கானல் ஏரியை. 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி நீரோட்டத்தை மறித்து உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திர வடிவம், சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் என்பதால் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கும். ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது முடங்கியாறு சாலை. மேற்கே மலையைப் பார்த்துப் போனால் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அதையும் தாண்டினால் அய்யனார் கோவில். இந்த மலைப்பகுதி 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. காட்டுக்குள் ஓட முடியாது, ஓடவும் கூடாது. அடிவாரத்தோடு திரும்பிவிட வேண்டும்.

இந்தக் குறிப்புகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் ஓடுகிற உடம்பை யாரும் எதுவும் கேட்பதில்லை. அது வாசல் தெளித்துவிட்டு வரவில்லை, ஏழு மணிக்குள் இட்லிச் சட்டியை இறக்கியாக வேண்டும் என்ற கணக்கு அதற்கு இல்லை, மாதவிடாய் இல்லை, ஒன்றுக்கு வந்தால் ஒதுங்க இடம் தேடவில்லை. எல்லோருக்குமான தடம் என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்தால், அது ஆணின் காலையில் ஓடுகிற தடம் என்பது புரியும்.

இதற்கு மறுப்பாக என் அனுபவத்தையே காட்டலாம். கொடைக்கானலில் நானும் ஓடியிருக்கிறேன். டிராக் பேன்ட்டும் டிஷர்ட்டுமாக ஏரியை முழுச் சுற்றுச் சுற்றினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் தடையெல்லாம் என் மனதில்தானா? ஊர் திரும்பி, கண்மாய்க் கரையில் ஏறியபோது விடை கிடைத்தது. கொடைக்கானல் ஏரி பொழுதுபோக்குக்காக உருவானது. அதன் சாலையில் நடப்பவர் யாரானாலும் வேலையில்லாமல் நடக்கிறார் என்பது முன்கூட்டியே ஏற்கப்பட்ட விஷயம். அங்கே நான் சுற்றுலா வந்தவள், யார் வீட்டு மகளுமில்லை. கண்மாய் பாசனத்துக்கானது. அதன் கரைக்கு வருபவர் மாட்டோடு வருவார், மண்வெட்டியோடு வருவார், துணி மூட்டையோடு வருவார். அங்கே வெறுங்கையோடு ஓடுகிற பெண் எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி: இன்னார் மருமகள், இன்னார் பேத்தி.

பொது இடத்தில் இருக்கும் பெண் தான் ஒரு வேலையாக வந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதை ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலில் விரிவாக எழுதினார்கள். பாதுகாப்பு தருகிறோம் என்பதோடு நிற்காமல், காரணமின்றிச் சுற்றித்திரியும் உரிமையைப் பெண்கள் கேட்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் நம் ஊர்களுக்கு அந்த வாதத்தைக் கொண்டுவரும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாநகரத்தில் பெண் அஞ்சுவது பெரும்பாலும் அந்நியரின் பார்வைக்கு. சிற்றூரில் தெரிந்தவர் பார்வைதான் முதலில் மறிக்கிறது. அது அக்கறையோடு வருவதால் அதை எதிர்த்துப் பேசவும் வாய் வராது.

விடிகாலையில் பெண்கள் வெளியே இல்லை என்று சொல்வதும் தவறு. நான் ஐந்தரை மணிக்குக் கிளம்பும்போது ரத வீதிகளைப் பாதி கூட்டி முடித்திருப்பார்கள் தூய்மைப் பணியாளர்கள். பூக்கூடைகள் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டிருக்கும். ராஜபாளையம் பக்கத்து மில்களுக்கு முதல் ஷிப்ட் வேனுக்காகப் பெண்கள் சோற்றுத் தூக்கோடு நிற்பார்கள். மலையடிவாரத்தில் பளியர் பெண்கள் நடந்த பாதைகள் எந்த ஓட்டத் தடத்தைவிடவும் பழையவை. ஸ்ட்ராவா போன்ற செயலிகளின் வரைபடத்தில் அதிகம் பேர் ஓடிய சாலைகள் அதிகமாக ஒளிரும். இவர்கள் நடந்த நடை அதில் ஒரு புள்ளியாகக்கூட வராது. உழைப்பு இவர்களுக்கு வெளியே வரும் காரணத்தைக் கொடுத்திருக்கிறது. அதே பெண், வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் அதே தெருவில் நடந்தால் கேள்வி வரும். இதை மறந்துவிட்டு, 'விடியலை மீட்டெடுப்போம்' என்று ஷூ வாங்க முடிந்த நாம் மட்டும் முழங்கினால் அது அரைகுறைப் பெண்ணியம்.

உழைப்பை அடுத்து நமக்குக் கிடைக்கும் இன்னொரு காரணம் பக்தி. ஆண்டாளின் ஊரில் இருந்துகொண்டு திருப்பாவையைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை, தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்பும் பாட்டுகள். மார்கழி இருட்டில் நீராடப் போக வேண்டும். ஒருத்தி கதவைத் திறக்க மறுக்கிறாள். ஒருத்தியை எழுப்பிவிடச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. முந்தின நாள் நான்தான் வந்து எல்லோரையும் எழுப்புவேன் என்று வாய் பேசியவள் இன்னும் தூங்குகிறாள். அதிகாலை ஓட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பெண்களைத் தெரியும். பக்தி இலக்கியமாக மட்டுமே படித்து வந்த இந்தப் பாசுரங்களை, பெண்கள் கூட்டமாக இருட்டில் வீட்டைவிட்டு நீர்நிலைக்குப் போவதைச் சொல்லும் பிரதியாகவும் படிக்கலாம். ஆனால் அப்படிப் படிக்கும்போதே அதன் எல்லையும் தெரிந்துவிடுகிறது. இந்தப் பெண்கள் கையில் நோன்பு என்ற அனுமதிச் சீட்டு இருக்கிறது. இன்றும் மார்கழியில் எங்கள் தெருவில் ஐந்து மணிக்கெல்லாம் கோலப்பொடியோடும் கோவிலுக்கும் பெண்கள் வெளியே இருப்பார்கள். அந்த மாதம் முழுக்க என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. தை பிறந்ததும் தெரு பழையபடி ஆண்களுடையதாகிவிடும். கேள்விகளும் திரும்பிவிடும்.

மிச்சமிருக்கும் காரணம் நோய். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். டாக்டர் சொன்னால் பெண் நடக்கலாம். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கும் அக்காக்களை யாரும் தடுப்பதில்லை. (தளவாய்புரத்துத் தையல் மெஷின்கள் இத்தனை நைட்டிகளைத் தைத்துத் தள்ளும் வட்டாரத்தில், பெண் வீட்டு வாசலைத் தாண்டி அணிந்துவரத் துணிந்த முதல் சௌகரிய உடை அதுதான் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.) இதில் என்ன தவறு, நோயின் பேரிலாவது வெளியே வரட்டுமே என்று தோன்றலாம். ஆனால் பெண்ணின் ஓட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மருத்துவத்திடம் போனால் என்னவாகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் பதறின. பெண்ணுடம்புக்கு அந்தத் தூரம் ஆகாது என்று சொல்லி நீக்கினார்கள். அது திரும்பி வந்தது 1960இல். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் போட்டி அதிகாரி ஒருவரே பிடித்து இழுத்து வெளியேற்றப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல்தான். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்ற நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடக் கூடாது என்று சொன்ன அதே குரல்தான் இன்று சர்க்கரைக்கு நல்லது, ஓடு என்கிறது. இரண்டு இடத்திலும் ஓடுகிறவளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நான் சொன்ன பொய் அந்தக் குரலுக்கு நானே போட்டுக் கொடுத்த கையெழுத்து.

அப்படியானால் பெண்கள் எழுதும் தடக் குறிப்பு எப்படி இருக்கும்? விளக்கு எரியும் தூரம் எவ்வளவு, நாய்கள் எந்தத் திருப்பத்தில், கழிப்பறை எங்கே, பெண்கள் உட்கார்ந்து டீ குடிக்கக்கூடிய கடை எது என்பதெல்லாம் அதில் வேண்டும். ஆனால் இவற்றோடு நிறுத்தினால் அது அச்சத்தின் பட்டியலாகிப்போகும். பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் ஓடும் ஆசையே போய்விடும். திருப்பாவையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: போகிற வழியில் எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற கணக்கு. எங்கள் குறிப்பில் கிலோமீட்டருக்கு முன்னால் அது வர வேண்டும். அந்தக் கதவுகள் ஒரே தெருவில், ஒரே சாதியில் இருந்துவிடக் கூடாது.

போன தையில் பொங்கல் முடிந்த மறுநாள் நாங்கள் நான்கு பேர் கரையில் ஏறினோம். அதே பெரியம்மா மாட்டோடு வந்தார். "சுகரு எறங்கிருச்சாத்தா?" என்றார் அக்கறையாக. இரண்டு ஆண்டுப் பொய் தொண்டையில் நின்றது. "எனக்குச் சுகரே இல்ல பெரியம்மா. சும்மா ஓடுறேன்" என்றேன்.

"சும்மாவா? சும்மா யாராச்சும் ஓடுவாகளா?"

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அத்தைக்குச் செய்தி போயிருந்தது. சாயங்காலம் வரை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் காலை நாங்கள் மூன்று பேர்தான் போனோம். நான்காவது தோழியின் வீட்டில் கேட்ட கேள்விக்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. தினமும் போகும்போது அவள் வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் போகிறோம்.