திரைச்சீலையைத் திருப்பிப் பாருங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் புது அடுக்குமாடி வீட்டின் சாவி கைக்கு வந்ததும் குடும்பம் படியேறும் முதல் கடைகளில் ஒன்று கர்ட்டன் கடை. வேளச்சேரி – தாம்பரம் சாலையிலோ கேம்ப் ரோடு பக்கமோ ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் தடித்த சாம்பிள் புத்தகங்களை மேசைமேல் அடுக்குகிறார். ஒரு புத்தகம் முழுக்கப் பூவும் கொடியும். இன்னொன்றில் கட்டமும் கோடும். அட்டையில் ‘ஹெரிடேஜ்’, ‘விக்டோரியன்’, ‘ஜியோமெட்ரிக்’ என்று பெயர்கள். சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா, அழுக்குத் தெரியுமா, மீட்டர் என்ன விலை என்ற மூன்று கேள்விகளில் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் அந்தத் துணி பத்து வருடம் கண்ணெதிரே தொங்கப் போகிறது. அதை ரசிக்கவும் தெரிந்திருந்தால் வீட்டில் ஒரு சன்னல் கூடுதலாகத் திறந்த மாதிரி.

ரசனையை அந்தச் சாம்பிள் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1866-இல் லண்டனில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்தியா முழுவதும் நெய்யப்பட்ட துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் தயாரித்தார். மொத்தம் 700 மாதிரிகள். 20 செட்டுகள் செய்யப்பட்டு, 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் போயின. சென்னை மாகாணத் தறிகளின் துணிகளும் அவற்றில் உண்டு. நோக்கம் வெளிப்படையானது: இந்தியர்களுக்கு எது பிடிக்கும் என்று பிரிட்டிஷ் ஆலைகள் தெரிந்துகொண்டு அதேபோல் செய்து இங்கேயே விற்க வேண்டும். இன்று கேம்ப் ரோட்டு மேசையில் விரியும் புத்தகத்துக்கு அந்த 18 தொகுதிகள் பாட்டன் முறை.

இனி பூவுக்கு வரலாம். வெள்ளை அல்லது இளமஞ்சள் தரை, வளைந்து வளைந்து ஏறும் கொடி, ஒரே தண்டில் ஏழெட்டு வகைப் பூக்கள். கடைக்காரர் இதை ‘இங்கிலீஷ் ஃப்ளோரல்’ என்பார். அந்தப் பூ பிறந்த ஊர்களில் பல நம் கடற்கரையில் இருக்கின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் தொடங்கித் தெற்கே நீளும் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணியைத்தான் ஐரோப்பா ‘சிண்ட்ஸ்’ என்று அழைத்தது. நம் பாட்டிமார் வாயில் அது சீட்டித் துணி. சென்னை நகரம் உருவானதற்கே துணி வணிகம் ஒரு முக்கியக் காரணம். 1734-இல் நெசவாளர்களையும் துணி சார்ந்த தொழிலாளிகளையும் குடியமர்த்தி உண்டாக்கிய பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள்.

அந்தச் சீட்டி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் இன்றைய துணியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, வரையும் கோடு கசிந்து பரவாமல் பிடித்துக்கொள்ளும். படத்தைத் தாளில் வரைந்து, கோடுகள்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டித் துணிக்கு மாற்றுவார்கள். பிறகு மூங்கில் எழுதுகோல். இரும்பும் வெல்லமும் ஊறிய நீர், துணியில் உள்ள கடுக்காயைத் தொட்டதும் கறுப்பாகிவிடும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம் பூசி, சாயவேர் போட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்கவிடுவார்கள். இம்பூறல் என்று சித்த வைத்தியம் சொல்லும் அதே செடியின் வேர். கடலோர மணலில் வளர்வது. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடம் அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். நீலத்துக்கு முறை தலைகீழ். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு முழுத் துணியையும் அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். கடைசியில் மஞ்சளைக் கையால் தீட்டுவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சை. இத்தனையும் முடிந்தபின் கஞ்சி போட்டு, தட்டி, சங்கால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இந்த இடத்தில் ரசிகனுக்கு ஒரு சாவி கிடைக்கிறது. அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும். மஞ்சள் மட்டும் வெளிச்சத்தில் மங்கிப்போகும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. வரைந்தவர் கண்ட இலை பச்சை; காலம் நமக்குக் காட்டுவது நீலம். சாம்பிள் புத்தகத்தில் சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் நீல இலை தென்பட்டால், அந்த டிசைனர் மங்கிய பழந்துணி ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கக் கூடும் என்று ஊகிக்கலாம்.

வெள்ளைத் தரைக்கும் ஒரு கதை உண்டு. 1643-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தரைத் துணிகள் அவ்வளவாக விலைபோகவில்லை, தரை வெள்ளையாகவும் பூக்கொடி வண்ணமாகவும் இருக்கட்டும் என்று கேட்டார்கள். ஆக, ‘இங்கிலீஷ் ஃப்ளோரல்’ என்பது அவர்கள் விருப்பமும் நம்மவர் கையும் கூடிப் பிறந்தது. கட்டில் விரிப்பாகவும் சுவர்த் தொங்கலாகவும் போன ‘பலம்போர்’ துணிகளின் நடுவே நிற்கும் பெரிய பூமரத்தில் பாரசீகச் சாயல், சீனச் சாயல், ஐரோப்பியத் தையல் வேலையின் சாயல் எல்லாம் கலந்திருக்கின்றன.

மோகம் எல்லை மீறியது. சொந்த நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686-இல் இந்தச் சீட்டிகளைத் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1720-இலும் சட்டம் போட்டது. தடை ஒருபுறம், ரகசியத்தைக் கற்கும் முயற்சி மறுபுறம். கர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்து 1742-இல் செய்முறையை விரிவாக எழுதி அனுப்பினார். தடை நீங்கிய மறுவருடமே, 1760-இல், பாரிஸ் அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் துணி அச்சிடத் தொடங்கிவிட்டார். பெயர் தெரியாத நம் சாயக்காரர்களின் கைத்திறன் இப்படித்தான் கடல் கடந்தது. இதைச் சொல்லாமல் ஒரு பூத்துணியை ‘ஐரோப்பியப் பாரம்பரியம்’ என்று விற்பது பாதி உண்மைதான்.

நூறு வருடம் கழித்து வில்லியம் மோரிஸ் வருகிறார். ஆலைகள் கொட்டிய மலிவான அலங்காரத்தின் மேல் சலிப்புற்ற தலைமுறையின் கலைஞர் அவர். கைவினைக்குத் திரும்புவோம் என்ற ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ இயக்கத்தின் முகம். இந்தியத் துணிகளை ஊன்றிப் படித்தவர். 1876-இல் வந்த அவருடைய ‘ஸ்நேக்ஸ்ஹெட்’ துணியில் அந்தப் பாடம் தெரியும். 1881-இல் மெர்ட்டன் அபியில் ஆற்றங்கரையோரம் சொந்தப் பட்டறை போட்டார். 1883-இல் அங்கே பிறந்ததுதான் ‘ஸ்ட்ராபெரி தீஃப்’: தோட்டத்துப் பழத்தைத் திருடும் குருவிகள் எதிரெதிரே நிற்கும் துணி. முழுத் துணியையும் அவுரியில் முக்கி, வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுக்கவைத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் அச்சிட்டார்கள். செய்து முடிக்கப் பல நாள் ஆகும். நம்மவர் மெழுகால் நீலத்தைத் தடுத்தார்கள். மோரிஸ் நீலத்தைப் போட்டு எடுத்தார். 140 வருடம் கழிந்தும் அந்தக் குருவிகள் திரைச்சீலையாக, குஷன் உறையாக விற்பனையில் இருக்கின்றன.

மோரிஸை ரசிக்க நமக்கு ஒரு சிறப்பான பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது: கோலம். புள்ளி வைத்து ஒரு சிறு சிக்கைப் போட்டு, அதையே நாலு பக்கமும் நீட்டினால் வாசல் நிறைகிறது. சிறு சிக்கு எங்கே முடிந்து எங்கே தொடங்கியது என்று நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, போட்டவருக்குத்தான் தெரியும். துணிக்காரர்கள் இதை ‘ரிப்பீட்’ என்கிறார்கள். நல்ல பூத்துணியில் ரிப்பீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும். செங்கல் வரிசைபோல ஒரு பத்திக்கு அடுத்த பத்தியைப் பாதி இறக்கிப் போட்டிருப்பார்கள், கண் குறுக்காகவும் மேலாகவும் ஓடிக்கொண்டே இருக்கும். மட்டமான துணியில் ஒரே ரோஜா ராணுவ வரிசையாக நிற்பது மூன்றடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, திருப்பிப் பார்ப்பது. எழுதுகோலாலும் அச்சுக்கட்டையாலும் சாயமேற்றிய பருத்தியில் நிறம் நூலுக்குள் இறங்கியிருக்கும், பின்பக்கமும் பூவின் நிழல் அழுத்தமாகத் தெரியும். பாலியெஸ்டரில் மெஷின் போட்ட படத்தில் பெரும்பாலும் பின்பக்கம் வெளுத்திருக்கும். பட்ஜெட் எல்லோருக்கும் உண்டு, பாலியெஸ்டர் வாங்குவது குற்றமில்லை. ஆனால் பழைய இயக்கத்தின் பெயரைப் போட்டு வரும் புதுத் தொகுப்பு, அதன் படத்தை மட்டும் எடுத்ததா, செய்முறையிலிருந்தும் எதையாவது கற்றதா என்பதைப் பின்பக்கம் சொல்லிவிடும். கற்ற தொகுப்புக்குத்தான் கூடுதல் விலை தகும். பெங்களூரில் ரேணுகா ரெட்டி பழைய சீட்டியின் படிகாரம், மெழுகு, சாயவேர் முறைகளையே மீட்டெடுத்துத் துணி செய்கிறார். படத்தை நகலெடுப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

கட்டமும் கோடும் உள்ள புத்தகத்துக்கு வேறு கண் வேண்டும். ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹௌஸ் பள்ளியில் குண்டா ஷ்டோல்சில், அன்னி ஆல்பர்ஸ் போன்றவர்கள் துணிமேல் படம் போடுவதை விட்டுவிட்டுப் பாவிலும் ஊடையிலும் யோசித்தார்கள். 1930-இல் பட்டயத்துக்காக ஆல்பர்ஸ் செய்த துணி, பெர்லின் அருகே பெர்னாவில் ஒரு பள்ளி அரங்கத்தின் சுவருக்கானது. ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மறுபக்கம் ஓசையை உறிஞ்சும். இந்த மரபில் வந்த துணியைத் தூரத்தில் நின்று பார்த்தால் போதாது. கையில் பிடித்து, தடித்த நூல் எங்கே, மெல்லிய நூல் எங்கே, பளபளப்பு எந்த நூலிலிருந்து வருகிறது என்று தடவிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஈடான பாடம் நம் பரணிலேயே சுருட்டிக் கிடக்கிறது: பவானி ஜமக்காளம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைத் துணியின் போட்டி நெருக்கியபோது, பவானி நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் கண்டெடுத்த வழி அது. ஏறக்குறைய அதே காலத்தில் மோரிஸும் அதே ஆலைகளை எதிர்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடித்த நூல் ஜமக்காளத்தில் படமே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளின் அகலமும் வரிசையும்தான் எல்லாம். எந்தப் பட்டைக்குப் பிறகு எந்தப் பட்டை வர வேண்டும் என்ற அந்தக் கணக்கை எந்தப் பௌஹௌஸ் துணிக்குப் பக்கத்திலும் தைரியமாக வைக்கலாம்.

கண்ணைப் பழக்க ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளையும் விதானத் துணிகளையும் அண்ணாந்து பார்க்கலாம். நாயக்கர் காலத்தில் தழைத்த கருப்பூர் கலம்காரியின் முக்கிய வேலையே இவைதான்; 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் நெசவாளர் வீடும் தறியும் இருக்கின்றன. தறி ஓடுவதை அரை மணி நேரம் பார்த்தவர் அதன்பின் துணியை விரலால் தொடும் விதமே வேறாக இருக்கும்.

பிறகு கடைக்குப் போகலாம். சாம்பிளை டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவுசெய்யாமல், ஒரு முழத்துண்டாவது கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, மேற்குச் சன்னலில் மாலை நாலு மணிக்குத் தொங்கவிடுங்கள். வெயில் பின்னாலிருந்து வரும்போது ரிப்பீட் தெரியும், நூல் தெரியும், சாயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் தெரியும். புதுத் திரைச்சீலை வருகிறதென்று பரணில் இருக்கும் ஜமக்காளத்தைப் பழைய துணிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி வெயிலில் விரித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள்.