மகிழ்மதியில் யாரும் மாலை போடுவதில்லை

கார்த்திகை முதல் தேதி காலையில் எங்க முகப்பேரில் பால் வாங்கப் போனால் தெருவில் பாதிப் பேர் கறுப்பு வேட்டியில் இருப்பார்கள். நேற்று வரை "சார்" என்ற கடைக்காரர், மாலை போட்டவரிடம் இன்று "சாமி, சில்லறை இருக்கா?" என்பார். உடை மாறியதும் விளியும் மாறிவிடுகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் 'பாகுபலி' இரண்டு பாகங்களையும் (2015, 2017) மறுபடி பார்த்தேன். இல்லாத ஒரு நாட்டுக்குப் பக்தி உடை தைப்பது எப்படி?

முதலில் பாராட்டு. ரமா ராஜமௌலி, பிரசாந்தி திபிர்நேனி இருவரின் உடையமைப்பில் மகிழ்மதி ஒரு நிஜ ஊர் மாதிரியே நிற்கிறது. நெற்றிக்குறிகள் இன்னும் பிரபலம். சிவகாமிக்கு முழு நிலவு, பல்வாள்தேவனுக்குச் சூரியன், அமரேந்திரனுக்குப் பிறை. யார் யார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

சிக்கலும் அங்கேதான். நிஜத்தில் நெற்றிக்குறி தனி ஆளின் முத்திரை இல்லை, அது ஒரு கூட்டத்தின் சொத்து. வடகலை நாமமும் தென்கலை நாமமும் ஆளைச் சொல்வதில்லை, மரபைச் சொல்கின்றன. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அந்த இரு தரப்பின் தகராறு நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட் படி ஏறி இறங்குகிறது. மகிழ்மதியிலோ ஒரே அரண்மனையில் அம்மாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, வளர்த்த பிள்ளைக்கு ஒன்று. இது சமயக்குறி இல்லை, லோகோ.

அதைவிடப் பெரிய குறை, அந்த உடைகளுக்குக் காலம் இல்லை. சபரிமலைக்குக் கறுப்போ நீலமோ காவியோ, பழனி பாதயாத்திரைக்குப் பச்சை, மாரியம்மனுக்கு மஞ்சள், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. எல்லாவற்றுக்கும் தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாள் உண்டு, நடுவில் செய்யக்கூடாதவை உண்டு. என் தொழில் பாஷையில் சொன்னால், விரத உடை ப்ரொஃபைல் படம் இல்லை, ஸ்டேட்டஸ்.

இரண்டாம் பாகத் தொடக்கத்தில் சிவகாமி தலையில் நெருப்பைச் சுமந்து கோயிலுக்கு நடக்கிறாள். நடுவில் நிற்கக்கூடாது. எதிரே மதம் பிடித்த யானை. படத்தின் பக்திக் காட்சிகளில் என்னை நம்பவைத்தது இதுதான். காரணம் கிராஃபிக்ஸ் இல்லை. அங்கே ஒரு விதி இருக்கிறது, அதை மீறினால் என்னவோ உடைந்துபோகும். அப்படி ஒரு விதியை உடைக்கும் கொடுத்திருக்கலாமே என்றுதான் ஏக்கம்.

இது எனக்குத் தெரிந்தது புத்தகத்தால் இல்லை. நான் முதன்முதலாக மாலை போட்ட வருஷம், இருபத்து மூன்றாம் நாள் பெரியப்பா இறந்துபோனார். குருசாமிக்குப் போன் போட்டேன். "கழட்டிடுங்க சாமி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டிவிட்டு, பேன்ட் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் என்னைச் சாமி என்று கூப்பிடவில்லை. பெரியப்பாவுக்காக அழுததில் அந்த இருபத்து மூன்று நாளும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

அடுத்து யாராவது ஒரு கற்பனை நாட்டைப் படமாக்கினால், அங்கே சாமி உடை எப்படி இருக்கும் என்று வரைவதற்கு முன்னால், அதை எப்போது கழற்ற வேண்டும் என்று எழுதிக்கொள்ளட்டும். துணியும் நிறமும் அப்புறம் தானா வரும்.