சொற்பொருளும் முன்னறிவும்: திருக்குர்ஆனில் அறிவியல் காணும் உரைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பிற்காலத்தில் கண்டறியப்பட்ட அறிவியல் உண்மைகள் 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த திருக்குர்ஆனில் முன்னரே கூறப்பட்டுள்ளன என்னும் கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. எகிப்தியரான தன்தாவி ஜவ்ஹரி (இறப்பு 1940) இம்முறையில் விரிவானதோர் உரை வரைந்தார். பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் புக்காய் 1976இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பல மொழிகளுக்கும் கொண்டு சென்றது. கனடிய உடற்கூற்றியலார் கீத் மூரின் கருவியல் பாடநூல் இஸ்லாமியச் சேர்க்கைகளுடன் 1983இல் வெளிவந்தது. இத்தகைய உரைமுறை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் தயானந்த சரசுவதி வேதங்களில் தந்தி, வானூர்தி ஆகியவற்றைக் கண்டமை இதற்கு ஒப்புநோக்கத்தக்கது.

இக்கூற்றுகளைச் சமயச் சிக்கலாகவோ அறிவியல் சிக்கலாகவோ மட்டும் கருதுவது பொருந்தாது. இவை ஒவ்வொன்றும் முதற்கண் ஒரு சொல்லின் பொருள் பற்றிய கூற்றாகும். எனவே மூன்று வினாக்களைக் கொண்டு இவற்றை மதிப்பிடலாம். கூறப்படும் பொருள் கண்டுபிடிப்புக்கு முன்னரே அம்மொழியில் வழங்கியதா? அதே நூலில் அச்சொல் வேறிடத்தில் எப்பொருளில் ஆளப்படுகிறது? அச்செய்தியை அக்காலத்தவர் வேறு வழியில் அறிந்திருக்க இயலாதா?

2. அலக்

மனிதப் படைப்பைக் கூறும் 96:2, 23:14 ஆகிய வசனங்களில் முறையே அலக், அலகா என்னும் வடிவங்கள் வருகின்றன. இவற்றின் வேர் தொங்குதல், ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளது. உறைந்த குருதி, அட்டை ஆகிய பொருள்களும் அரபு அகராதிகளில் உள்ளன. 923இல் மறைந்த உரையாசிரியர் தபரி அலகாவைக் குருதித் துண்டு என்றே விளக்கினார். கரு எந்நிலையிலும் குருதிக் கட்டியாக இருப்பதில்லை என்பது தெளிவானபின், புக்காய் ஒட்டிக்கொள்வது என்னும் பொருளை வலியுறுத்தினார். மூர் அட்டையின் வடிவத்தைச் சுட்டினார்.

இப்பொருள்கள் அரபியில் இல்லாதவை அல்ல. சிக்கல் தேர்வு முறையில் உள்ளது. பலபொருள் ஒரு சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இங்கோ தெளிவிப்பது தொடரின் சார்பு அன்று. வாசகர் கையிலுள்ள கருவியல் பாடநூல். மேலும், கருவளர்ச்சியைக் கட்டங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான கேலனிடமே உள்ளது. அவருடைய மருத்துவ நூல்கள் பலவற்றை 536இல் மறைந்த செர்கியுஸ் சிரியாக் மொழியில் பெயர்த்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்பட்டது என இதனால் நிறுவ இயலாது. ஆயினும், அக்காலத்து எவரும் அறிந்திருக்க இயலாத செய்தி என்னும் வாதம் இதனால் வலுவிழக்கிறது.

3. மூஸிஊன்

வானத்தைப் படைத்தமை கூறும் 51:47ஆம் வசனத்தின் இறுதிச் சொல் மூஸிஊன். அண்டம் விரிவடைகிறது என்னும் உண்மை இதில் உள்ளதாகக் கூறப்படுகிறது. விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதை ஹபிள் 1929இல் வெளியிட்டார். இச்சொல்லின் வேர் அகலம், இடவசதி, இயலுமை ஆகியவற்றைக் குறிக்கும். இதன் ஒருமை வடிவமான மூஸி 2:236ஆம் வசனத்தில் வசதி படைத்த கணவனைக் குறிக்கிறது. அங்கு விரிவு என்னும் பொருளுக்கு இடமில்லை. தபரி இவ்வசனத்தைச் சான்றாகக் காட்டியே 51:47க்குப் பொருள் கொண்டார். வானத்தை அகலமாக்கினான் என்னும் பழைய விளக்கத்தையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆனால் அகலமாகப் படைத்தல் வேறு. இடையறாது விரிந்துகொண்டிருத்தல் வேறு.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் கூர்மையடைகிறது. அரபு வினைமுதற் பெயர் தன்னளவில் காலம் காட்டுவதில்லை. தமிழின் தெரிநிலை வினையாலணையும் பெயரோ காலம் காட்டும். விரித்தோர், விரிக்கின்றோர், விரிப்போர் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நிகழ்காலத்தைத் தேர்ந்த அளவிலேயே இன்றைய வானியல் உள்ளே வந்துவிடுகிறது. ஆற்றலுடையோர் என்னும் குறிப்புச்சொல்லை ஆண்டால் அது வருவதில்லை. மூலத்தில் இல்லாத காலத்தை இலக்கு மொழியின் இலக்கணம் வழங்குகிறது. அதுவே பின்னர் மூலத்தின் முன்னறிவாகக் காட்டப்படுகிறது.

4. தஹாஹா

79:30ஆம் வசனத்தின் தஹா என்னும் வினை பரப்புதலைக் குறிப்பது. பூமி முட்டை வடிவினது என்பது இதன் பொருள் எனச் சிலர் கொள்வர். இதே வேரிலிருந்து வந்த உத்ஹிய் என்னும் பெயரே அவர்தம் சான்று. அப்பெயர் தீக்கோழி மணலைப் பரப்பி முட்டையிடும் இடத்தைக் குறிப்பதேயன்றி முட்டையைக் குறிப்பதன்று. இடத்தின் பெயரைப் பொருளுக்கு ஏற்றி, அப்பொருளின் வடிவத்தை மீண்டும் வினைக்கு ஏற்றுவது சொற்பிறப்பியல் முறையாகாது. பூமியின் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தினும் ஏறத்தாழ 21 கி.மீ. மிகுதி, நீண்ட முட்டையோடு அது ஒப்புமை உடையதும் அன்று.

5. மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு

அலக் என்னும் சொல் தமிழ்ப் பெயர்ப்புகளில் இரத்தக்கட்டி எனவும் கருவுற்ற சினைமுட்டை எனவும் வழங்குகிறது. சிலர் அரபுச் சொல்லையே நிறுத்தியுள்ளனர். முதலாவது பழைய உரைமரபைத் தழுவியது. இரண்டாவது கருவியலின் முடிவைச் சொல்லாக்கியது. அரபு அகராதியில் அதற்கு இடமில்லை. மூன்றாவது ஐயத்தை மறைக்காமல் வாசகர் முன் வைப்பது. அரபு அறியாதவருக்குப் பெயர்ப்பே மூலம். அறிவியலைக் கொண்டு தேர்ந்த சொல்லை அறிவியலுக்குச் சான்றாக அவர் முன் நிறுத்துவது, முடிவையே ஏதுவாகக் காட்டும் சுழற்சி வாதமாகும்.

6. முடிவுரை

இம்மதிப்பீடு நம்பிக்கையின் மெய்ம்மை பற்றியது அன்று. இத்தகைய மறுப்பு இஸ்லாமிய மரபினுள்ளேயே தோன்றியுள்ளது. 1388இல் மறைந்த ஷாதிபி, வேதத்தை அதன் முதற் கேட்போரான அரபியர் உணர்ந்தவாறே உணர வேண்டும் என்றார். எகிப்திய அறிஞர் அமீன் அல் கூலி (இறப்பு 1966) சொற்பொருள் காலந்தோறும் மாறுவதைக் காட்டி அறிவியல் உரைமுறையை மறுத்தார். அறிவியல் கொள்கைகள் திருத்தப்படும் இயல்பின. அவற்றின்மீது ஒரு வசனத்தின் பொருளை நிறுத்தினால், கொள்கை மாறுந்தோறும் பொருளையும் மாற்ற நேரும். சொல்லை அதன் காலத்து வழக்கில் வைத்துப் பொருள் காண்பதும், ஐயமுள்ள இடத்தில் பிற பொருள்களையும் அடிக்குறிப்பில் தருவதும் மூலத்துக்கும் வாசகருக்கும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் கடமையாகும்.